ஒண்ணும் ஆகாது

1/ இன்னைக்கு மார்ச் 11. 2011-ல இதே நாள்தான் ஜப்பான்ல நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. வருஷா வருஷம் இந்தத் தேதி வந்தா எனக்கு ரெண்டு அம்மாக்கள் ஞாபகம் வரும். ரெண்டு பேருமே ஜப்பானைக் கண்ணால பாத்ததில்ல. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/ அது ஒரு வெள்ளிக்கிழமை. நம்ம நேரத்துக்குக் காலை 11:16-க்குப் பூமி ஆடுச்சு. மதுரை சிம்மக்கல் பக்கம் என் கிளினிக். ஹால் டிவில தேர்தல் கூட்டணிச் செய்தி ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா, வயக்காட்டுக்குள்ள கறுப்பா தண்ணி, அதுல வீடும் காரும் மிதந்து வருது. டோக்கன் நம்பர் கூப்பிட்டும் யாரும் எந்திரிக்கல.

3/ ரிக்டர்னு நாம வழக்கமா சொல்ற கணக்குல 9.0. ஃபுகுஷிமா டாய்ச்சி உலைகள் அதிர்வு வந்த உடனே தானா நின்னுருச்சு. வெளிய இருந்து வர்ற கரண்ட் போச்சு, டீசல் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிச்சுது. இதுவரைக்கும் எல்லாம் சரி. முக்கால் மணி நேரம் தாண்டி சுமார் 14 மீட்டர் உயரத்துக்கு அலை வந்து, கீழ்த்தளத்துல இருந்த ஜெனரேட்டர்களை முக்கிருச்சு.

4/ அடுப்பை அணைச்ச பிறகும் தோசைக்கல் சூடா இருக்கும்ல? அணு உலையும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இந்தக் கல்லு அணைச்ச பிறகும் சூட்டைத் தானா உண்டாக்கிக்கிட்டே இருக்கும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணி ஓட மோட்டார் வேணும், மோட்டாருக்குக் கரண்ட் வேணும். அது இல்லாமப்போனதுதான் விபத்து.

5/ மறுநாள் சனிக்கிழமை, முதல் உலைக் கட்டடம் வெடிச்சுது. இந்தியா - தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை மேட்ச் நடந்த அதே நாள். சேனலை மாத்தி மாத்திப் பாத்தோம். அடுத்த வாரம் எனக்கு ஃபோன் மேல ஃபோன். "சார், கழுத்துல பீட்டாடின் தடவணுமாமே? பிபிசில சொன்னாங்களாமே?" ஆசியா முழுக்கச் சுத்தின பொய் எஸ்எம்எஸ் அது. பிபிசி அப்படிச் சொல்லவே இல்ல.

6/ பொய்க்குள்ள ஒரு துளி உண்மை இருந்தாத்தான் அது வேகமாப் பரவும். தைராய்டு சுரப்பி அயோடினைச் சேத்து வைக்கும். விபத்துல வெளிவர்ற கதிரியக்க அயோடின்-131 உள்ள போனாலும் அதையும் சேத்துக்கும். அதனாலதான் உலைக்குப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு, அரசு சொல்ற நேரத்துல, பொட்டாசியம் அயோடைடு மாத்திரை. புண்ணுக்குப் போடுற மருந்தைக் கழுத்துல தடவுறது வீண். குடிச்சா ஆபத்து.

7/ 1986 செர்னோபில்ல பிள்ளைங்களுக்கு தைராய்டு புற்றுநோய் வந்ததுக்குப் பெரிய காரணம் பால். கதிரியக்கம் படிஞ்ச புல்லை மாடு மேய்ஞ்சுது, அந்தப் பாலை நிறுத்தச் சொல்ல ஆள் இல்ல. ஆயிரக்கணக்கான பிள்ளைங்க பாதிக்கப்பட்டாங்க. ஜப்பான்ல பாலையும் கீரையையும் சோதிச்சு, அளவு மீறினதை நிறுத்தினாங்க. தகவலும் ஒரு மருந்துதான்.

8/ இப்ப முதல் அம்மா. வாடிப்பட்டிக்காரங்க, என்கிட்ட சுகருக்குப் பாக்கறவங்க. மகளும் மருமகனும் டோக்கியோல. எட்டு மாசப் பேரன். "தம்பி, அவங்களைக் கிளம்பி வரச் சொல்லவா?"ன்னு கேட்டாங்க. நான் பிபி பாத்துக்கிட்டே சொன்னேன்: "உலைக்கும் டோக்கியோவுக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல இருக்கும்மா. ஒண்ணும் ஆகாது. டிவியை அணைங்க."

9/ மதுரைக்கும் கூடங்குளத்துக்கும் இருக்கற தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்ப அது எனக்கு உறைக்கல.

10/ மார்ச் 23. டோக்கியோ குழாய்த் தண்ணில அயோடின்-131. கைக்குழந்தைக்கு வைச்ச வரம்பு லிட்டருக்கு 100 பெக்கரல், அங்க ஒரு சுத்திகரிப்பு நிலையத்துல இருந்தது 210. குழந்தைக்குப் பால் மாவு கலக்க அந்தத் தண்ணி வேண்டாம்னு அறிவிச்சுட்டாங்க. கடைல பாட்டில் தண்ணி காலி.

11/ சாயங்காலம் அந்தம்மா வந்தாங்க. டோக்கன் போடல, சண்டையும் போடல. கதவுகிட்டயே நின்னு, "தம்பி, ஒண்ணும் ஆகாதுன்னீங்களே. பச்சப்புள்ளைக்கு இப்ப எந்தத் தண்ணில பால் கலக்கறது? காய்ச்சிக் குடுத்தா ஆகாதா?" எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்லவும் வாய் வரல. "நைட்டு கூப்பிடுறேம்மா"ன்னு சொல்லி அனுப்பினேன்.

12/ அன்னைக்கு ராத்திரி கரண்ட் கட், இன்வெர்ட்டர் வெளிச்சத்துல உக்காந்து படிச்சேன். படிச்சுட்டுக் கூப்பிட்டு நாலு விஷயம் சொன்னேன். காய்ச்சினா அயோடின் போகாது. பாட்டில் தண்ணி கிடைச்சா அதைக் குழந்தைக்கு மட்டும் வைங்க, பெரியவங்க குழாய்த் தண்ணியே குடிக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

13/ நாலாவது: பாட்டில் தண்ணி கிடைக்கவே இல்லைன்னா, குழந்தையைத் தாகத்துல விடாதீங்க, இருக்கறதைக் குடுங்க. வரம்பை ரொம்ப எச்சரிக்கையாத்தான் வைச்சிருக்காங்க. இந்த அயோடின் எட்டு நாளைக்கு ஒரு தடவை பாதியாக் குறையும். மறுநாளே அந்த நிலையத்துல அளவு 100-க்குக் கீழ இறங்கி, தடையை எடுத்துட்டாங்க.

14/ அந்தம்மா எல்லாத்தையும் ஒரு காலண்டர் பின்னாடி எழுதிக்கிட்டு மகளுக்குப் படிச்சுக் காட்டினாங்களாம். அடுத்த தடவை வந்தப்ப சொன்னது: "ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்ன அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. இதைச் செய், அதைச் செய்யாதன்னு சொன்ன அன்னைக்குத் தூங்கிட்டேன்."

15/ அதே நாட்கள்ல வந்த இன்னொரு செய்தி என்னை விடவே இல்ல. உலைல இருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர்ல ஃபுடாபா ஆஸ்பத்திரி. படுத்த படுக்கையா நிறைய முதியவங்க. கூட மருத்துவர் இல்லாம பஸ்ல ஏத்தி மணிக்கணக்கா கொண்டுபோனதுல, போற வழியிலயும் போய்ச் சேந்த இடத்துலயும் நாப்பதுக்கும் மேல இறந்தாங்க. அவங்களைக் கொன்னது கதிரியக்கம் இல்ல. குளிர், தாகம், விட்டுப்போன சிகிச்சை.

16/ "ஊழியர்கள் நோயாளிகளை விட்டுட்டு ஓடிட்டாங்க"ன்னு முதல்ல செய்தி வந்துச்சு. ஜப்பானே திட்டுச்சு. இயக்குநரும் சில ஊழியர்களும் நோயாளிகளோடவே இருந்தாங்கன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. அந்த முதல் செய்தியைப் படிச்சப்ப நான் அவங்களைத் திட்டல. திட்டற தகுதி எனக்கு இல்ல. காரணம் அடுத்து.

17/ 2004 டிசம்பர் 26 சுனாமி அப்ப நான் ஹவுஸ் சர்ஜன். மதுரைல இருந்து ஒரு வேன்ல நாகப்பட்டினம் போனோம். அந்த மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல சாவு. அதே அலை கல்பாக்கம் அணுமின் நிலையத்துப் பம்ப் ஹவுஸ்லயும் புகுந்துச்சு. ஓடிக்கிட்டிருந்த உலையைப் பாதுகாப்பா நிறுத்திட்டாங்க. ஆனா ஊழியர் குடியிருப்புல உயிர்கள் போச்சு.

18/ டிசம்பர் 30. மறுபடி சுனாமி வரலாம்னு மத்திய அரசுகிட்ட இருந்து ஒரு எச்சரிக்கை. கடலோரம் முழுக்க ஜனம் ஓடுச்சு. எங்க முகாம் ஒரு கல்யாண மண்டபம். "தண்ணி வருது"ன்னு ஒரு குரல், அவ்வளவுதான். நானும் ஓடினேன். இடுப்பு எலும்பு உடைஞ்சு டிரிப் ஏறிக்கிட்டிருந்த ஒரு தாத்தாவை அப்படியே விட்டுட்டு.

19/ தண்ணி வரல. ஒரு மணி நேரம் கழிச்சுத் திரும்பினோம். ஸ்டாண்டு கீழ கிடந்துச்சு. அங்க வேலை பாத்த ஆயாம்மா ஒருத்தங்க, சலைன் பாட்டிலைக் கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தாத்தா பக்கத்துல நின்னாங்க. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "கை வீங்கிருச்சு சார், ஊசியை மாத்துங்க."

20/ அவங்கதான் ரெண்டாவது அம்மா. ஏன் ஓடலைன்னு நான் கேக்கல. கேக்க எனக்கு முகம் இல்ல. தாத்தா நல்லா இருந்தாரு, ரெண்டு நாள் கழிச்சு தஞ்சாவூருக்கு அனுப்பினோம். ஃபுடாபா ஊழியர்கள் மேல வந்த செய்தி பொய். என்னைப் பத்தி அப்படி ஒரு செய்தி வந்திருந்தா அது உண்மையா இருந்திருக்கும்.

21/ கணக்கைப் பாருங்க. ஜப்பான்ல நிலநடுக்கத்துலயும் சுனாமிலயும் இறந்தவங்க, காணாமப்போனவங்க 18,000-க்கும் மேல. ஃபுகுஷிமா மாகாணத்துல இடம்பெயர்வு, மன உளைச்சல், சிகிச்சை விட்டுப்போனது மாதிரி காரணங்களால இறந்ததாப் பதிவானவங்க 2,300-க்கும் மேல. கதிரியக்கத்தால இறந்ததா அந்நாட்டு அரசு ஏத்துக்கிட்டது, நுரையீரல் புற்றுநோய் வந்த ஒரு ஊழியரை.

22/ அப்ப அணு உலைன்னா பயமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல வரல. வீடு, வயல், ஊர் எல்லாத்தையும் விட்டுப்போன ஜனங்களோட இழப்பு இந்தக் கணக்குல வராது. 2011-ல இடிந்தகரைல ஜனங்க உக்காந்தப்ப கேட்ட கேள்விகள்ல ஒண்ணு: ஏதாவது ஆச்சுன்னா எங்களை எப்படி வெளியேத்துவீங்க? உலையை ஆதரிக்கறவங்களும் எதிர்க்கறவங்களும் சேந்தே கேக்க வேண்டிய கேள்வி அது.

23/ உங்க வீட்டுலயும் கேட்டுப் பாருங்க. ஓட முடியாதவங்க யார்? டயாலிசிஸ், இன்சுலின், ஆக்சிஜன் மெஷின், படுத்த படுக்கை... அவங்களை யார் தூக்குறது? ஒரு வார மாத்திரையும் மருத்துவச் சீட்டு நகலும் ஒரே பைல இருக்கா? கடலோரமோ உலையோ இல்லாத மதுரைக்கும் இது பொருந்தும். வைகைல வெள்ளம் வந்தாலும் இதே பைதான்.

24/ அந்த எட்டு மாசக் குழந்தை இப்ப அவங்க அம்மாவை விட உயரமாம். பாட்டி போட்டோ காட்டினாங்க. போன வாரம் சுகர் ரிப்போர்ட்டோட வந்து, "தம்பி, கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டாங்க. நான் பேனாவை எடுத்து, என்ன செய்யணும்னு ஒவ்வொண்ணா எழுத ஆரம்பிச்சேன்.