வரி 176 ரூபாய்

ராயகிரி, ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து போனைப் பார்த்தால் ஒரு குறுஞ்செய்தி. என் பார்சல் சுங்கத்தில் நிற்கிறதாம். இணைப்பைத் தொட்டு, ஆதாரைக் கொடுத்து, 1,120 ரூபாய் கட்டினால் விடுவிப்பார்களாம்.

இங்கிலாந்திலிருந்து ஒரு புத்தகம் வந்துகொண்டிருப்பது உண்மை. ஆனால் விலையும் அனுப்புகூலியும் சேர்த்து முழுப் பணத்தையும் போன மாதமே கட்டிவிட்டேன். இன்னும் எதற்குப் பணம்? எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் காட்டினேன். "டீச்சர், அதைத் தொட்டுராதீங்க. எங்க சகலைக்கு இப்படித்தான் வந்துச்சு, பேங்குல இருந்ததெல்லாம் போச்சு. 1930-க்குப் போன் போடுங்க" என்றார். செய்தியை அழிக்கப் போனவள், என்னவோ தோன்றி அப்படியே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

செய்தியில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, கூரியர் நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். அது உண்மையான செய்திதான். ஆதார் கேட்டதும் உண்மைதான். வெளிநாட்டுப் பொருளை விடுவிக்கப் பெறுபவரின் அடையாளச் சான்று வேண்டும் என்பது சுங்கத்துறையின் விதி. "பில்லைப் பார்க்காமல் கட்டமாட்டேன்மா" என்றேன். அந்தப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். சாயங்காலம் பில் வந்தது.

இரண்டு நாளாக மனசில் நிற்பது இதுதான். திருடன் அனுப்புகிற செய்தியும் முறையான நிறுவனம் அனுப்புகிற செய்தியும் ஒரே அச்சில் இருந்தால், எதிர்வீட்டு அண்ணாச்சி மாதிரி ஆட்கள் எதை வைத்துப் பிரித்தறிவார்கள்? இவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே ஒரு வரி எழுதியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பில்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முப்பது வருஷம் மதிப்பெண் கூட்டிப் பார்த்த கை.

புத்தகத்தின் விலை 2,640 ரூபாய். அனுப்புகூலி 1,900. வரி பொருளின் விலைக்கு மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பயணக் கூலியும் காப்பீடும் சேர்ந்ததுதான் சுங்கத்தின் கணக்கில் மதிப்பு. விமானத்தில் வந்தால் கூலி எவ்வளவு ஆகியிருந்தாலும் பொருளின் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. அதனால் 1,900 ரூபாய்க்குப் பதில் 528 ரூபாய்தான் சேர்த்திருக்கிறார்கள். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அது 29 ரூபாய் 70 காசு. ஆக மதிப்பு 3,197 ரூபாய் 70 காசு. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2019 ஜூலை பட்ஜெட்டில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு 5 சதவீத சுங்க வரி வந்தது. அந்த வரியில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி. மொத்தம் 5.5 சதவீதம். 176 ரூபாய்.

அரசாங்கம் கேட்டது அவ்வளவுதான். புத்தகத்துக்கு வரி போட்டதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் 176 ரூபாயை முனங்காமல் கட்டுவேன்.

மிச்சம் 944 ரூபாய் கூரியர் நிறுவனத்துக்கு. என் சார்பில் அந்த 176 ரூபாயை விமான நிலையத்தில் முன்கூட்டிக் கட்டியதற்குக் கட்டணம் 800. அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 144. கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. கூரியரைத் தேர்ந்தெடுத்ததும் நான் இல்லை, விற்றவர். கூலியைப் பேசி முடித்தது அவர்கள் இரண்டு பேர். கடைசியில் கொடுக்கிறவள் நான். பொருள் அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச என்ன வழி?

விற்றவர் நல்ல மனுஷர். 'அன்பளிப்பு என்று எழுதி அனுப்பட்டுமா' என்று அப்போதே கேட்டார். வேண்டாம் என்றேன். பொய் என்பது ஒன்று. 2019 டிசம்பர் 12 முதல், ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர, அன்பளிப்பு என்ற பெயரில் தபாலிலோ கூரியரிலோ முழு வரி கட்டாமல் பொருள் இறக்குவதற்கே தடை இருப்பது இன்னொன்று.

சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தியிடம் ராத்திரி பேசினேன். அங்கே 2023 ஜனவரி 1 முதல் 400 வெள்ளி வரையிலான வெளிநாட்டுப் பொருளுக்குப் பெரிய விற்பனைத் தளங்கள் பணம் கட்டும் இடத்திலேயே வரியைச் சேர்த்து வாங்கிவிடுகின்றன. மலேசியாவிலும் 2024 ஜனவரி முதல் அப்படித்தான். "வீட்டுக்கு வந்தப்புறம் யாரும் ஒரு காசு கேட்கிறதில்லை டீச்சர்" என்றாள். இங்கேயும் அதைச் செய்யலாமே!

1,120 ரூபாய் கட்டினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

புத்தகம் வந்தது. கொண்டுவந்த பையன் சிவகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, "ராயகிரிக்கு எங்க வண்டி வராது, நீங்க வந்து வாங்கிக்கிடுங்க டீச்சர்" என்றான். வெயிலில் வாடிப்போயிருந்தான். அவனிடம் என்ன சண்டை போட? வாங்கிக்கொண்டு வந்தேன்.

பெடோம் எழுதிய தென்னிந்தியப் பெரணிகள் பற்றிய நூல், மறுபதிப்பு. முதற்பதிப்பு 1863இல் அச்சானது சென்னையில். நம் மலையில் பறித்து, நம் சென்னையில் அச்சடித்த படங்கள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் பாறையிடுக்கில் பார்த்த பெரணி ஒன்றைப் புரட்டிப் புரட்டித் தேடினேன். கிட்டத்தட்ட அதே இலை. நாளைக்குக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்பா வி.பி.பி.யில் புத்தகம் வாங்குவார். என்ன விலை, தபால் செலவு எவ்வளவு என்று பதிப்பகத்திலிருந்து முதலில் கார்டு வரும். அம்மா அந்தப் பணத்தை அஞ்சறைப் பெட்டியில் எண்ணி வைத்திருப்பாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டதும் எடுத்துக் கொடுப்பாள். ஒரு நாள்கூட அந்தத் தொகை மாறியதில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

நியூஜெர்சியில் இருக்கும் தன் மகன் குடும்பத்துக்குத் தீபாவளிக்குத் துணி அனுப்ப மதினி மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். அமெரிக்காவுக்குத் தபாலே போகாது இப்போது. 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை அவர்கள் ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு எடுத்துவிட்டார்கள். வரியை யார், எப்படி வசூலித்துக் கட்டுவது என்று தெளிவில்லாமல் நம் அஞ்சல்துறை 25ஆம் தேதியே பார்சலை நிறுத்தியது. நேற்று கடிதம்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டது. மதினி மூட்டையை அவிழ்க்கவில்லை. பீரோ மேல் தூக்கி வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 16, வியாழன்

நேற்றிலிருந்து அமெரிக்கத் தபால் மறுபடியும் எடுக்கிறார்கள். மதினியோடு தென்காசி தலைமை அஞ்சலகத்துக்குப் போனேன். தீபாவளிக்குள் போய்ச் சேராது, அவளுக்கும் தெரியும்.

பேத்திக்குப் பட்டுப்பாவாடை 2,500 ரூபாய், மருமகளுக்குச் சேலை 9,500 ரூபாய். கவுன்டரில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "100 டாலர் வரை அன்பளிப்புன்னா வரி இல்லைம்மா, நம்ம பணத்துக்கு 8,800 பக்கம். ரெண்டையும் சேர்த்து அனுப்புனா அதைத் தாண்டிரும். மொத்த மதிப்புக்கு 50 சதவீதம், 6,000 ரூபாய் இங்கேயே கட்டணும். தபால் செலவு தனி. அங்க அவங்க எதுவும் கொடுக்க வேண்டியதில்லை."

மதினி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்தாள். சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பாவாடையை மட்டும் கொடுத்தாள்.

பஸ்ஸில் சேலைப் பையை ஜன்னல் சாரலில் நனையாமல் முந்தானைக்குள் வைத்திருந்தாள். "பொங்கலுக்கு வந்தாலும் வருவான். அப்ப அவ இங்கேயே உடுத்திக்கிடட்டும்" என்றாள்.