காணத்தவறாதீர்கள்

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குப் படம் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். ஒரு மாட்டு வண்டி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி அதில் போஸ்டர், மேலே கூம்பு ஸ்பீக்கர். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. ஒரு கை மைக்கைப் பிடித்திருக்கும், இன்னொரு கை நோட்டீசை வீசும். ரோஸ், மஞ்சள், பச்சை. “இன்று முதல்” என்று நிதானமாக ஆரம்பிக்கிற குரல், “காணத்தவறாதீர்கள்” என்று முடிக்கும்போது பனைமரத்து உயரத்துக்குப் போயிருக்கும். நாங்கள் புழுதியில் விழுந்து புரண்டு பொறுக்குவோம். எல்லாவற்றிலும் அச்சாகியிருப்பது ஒன்றுதான். ஆனாலும் மூன்று நிறமும் வேண்டும்.

என்னைவிட அதிகமாக அந்த நோட்டீசுக்குக் காத்திருந்தது அப்பத்தா. தாத்தா போன பிறகு அவள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை, அவளாகவே நிறுத்திக்கொண்டாள். எழுத்து தெரியாது. “வாசிலே” என்பாள். நடிகர் பட்டியலில் ஆரம்பித்து, வசனகர்த்தா, இசை, வண்ணமா கறுப்பு வெள்ளையா என்பதுவரை வாசித்து, கதைச்சுருக்கத்துக்கு வருவேன். பண்ணையாரின் சூழ்ச்சி என்ன ஆயிற்று, தங்கையின் கதி என்ன என்று வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று அது கையை விரித்துவிடும்.

“மீதி என்னலே மீதி? தங்கச்சிய ஒரு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துட்டு, அவன் ஊரவிட்டுப் போயிருவான். வேற என்ன செய்வான்?”

வெற்றிலையை மடித்தபடி படத்தை முடித்துவைப்பாள். அப்புறம் நான் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்களில் பல, அப்பத்தா முடித்த அளவுக்கு நன்றாக முடிந்ததில்லை. அந்த ஊரில் அதிகப் படம் பார்த்தவள், கொட்டகைப் பக்கமே போகாத அவள்தான்.

போஸ்டர் ஒட்டுகிறவர் சைக்கிளில் வருவார். மைதா காய்ச்சிய பசை வாளி ஹேண்டில்பாரில் தொங்கும். அவர் தெருமுனை திரும்புவதற்குள் ஆடு வந்து, ஈரம் காயாத ஓரத்தைக் கிழித்துத் தின்ன ஆரம்பித்திருக்கும். போஸ்டர் எங்களுக்கு அதிசயமும் இல்லை, பக்கத்தில்தானே சிவகாசி. நான்கு மையையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும்போது தாள் ஒரு நூல் விலகினால் போதும், கதாநாயகிக்கு இரண்டு ஜோடி உதடு வந்துவிடும். அப்படிக் கழித்துப்போட்ட தாள்கள்தான் எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டை. பூகோளப் புத்தகத்தில் ஒரு நாயகன் மூன்று கண்ணோடு வருஷம் முழுக்க என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

அந்த வண்டிக்காரர் சொன்னதை ஊரில் யாரும் நம்பினார்களா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எல்லாப் படமும் அவருக்கு மாபெரும் வெற்றிச்சித்திரம். ஆனால் படப்பெட்டி அன்றைக்கு நடந்து வந்த வழி வேறு. கையில் இருந்த பிரதிகள் கொஞ்சம். மெட்ராஸ், மதுரை போன்ற ஏ சென்டரில் ஓடி, பி சென்டருக்கு இறங்கி, கடைசியாக சி சென்டர் டூரிங் டாக்கீசுக்குப் பெட்டி பஸ் ஏறி வருவதற்குள் மாதங்கள், சில சமயம் வருஷம்கூட ஆகிவிடும். பிலிமில் கோடு கோடாக மழை பெய்யும். அதற்குள் மதுரைக்குப் போய்வந்த யாராவது படம் தேறுமா தேறாதா என்று டீக்கடையில் சொல்லிவிட்டிருப்பார்கள். தீர்ப்பு முந்தி வந்துவிடும், தம்பட்டம் பிந்தித்தான் வரும். அதனால் அது எவ்வளவு உரக்க அடித்தாலும் யாரையும் ஏமாற்ற முடிந்ததில்லை. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

தம்பட்டத்தை முந்தி அடித்தவர் என்றால் ஜெமினி வாசன் ஞாபகம் வருகிறது. விளம்பரத் தொழிலில் இருந்துவிட்டு 1928-ல் ஆனந்த விகடனை வாங்கியவர். விளம்பரத்தின் நெளிவுசுளிவு அவருக்குக் கைவந்த கலை. பாலநாகம்மா, மங்கம்மா சபதம் இரண்டும் ஓடிய சூட்டில் அடுத்த படம் சந்திரலேகா என்று அறிவித்து, விளம்பரத்தையும் தொடங்கிவிட்டார். அப்போது கையில் கதை கிடையாது. வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு கதையிலிருந்து எடுத்த நாயகியின் பெயர் மட்டும்தான் இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்ட கதை இலாகாவினர் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயருக்கு ஒரு கதையைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம் இழுத்து, 1948 ஏப்ரலில் படம் வந்தது. பிரம்மாண்டமான முரசுகளின் மேல் பெண்கள் ஆடுகிற அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும், தான் அடித்த முரசுக்கு ஈடுகட்ட ஒரு மனிதர் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்று தோன்றும். தமிழில் போட்ட பணம் திரும்பவில்லை. அந்த வருஷக் கடைசியிலேயே இந்தியில் கொண்டுபோய், வடக்கே அதுவரை எந்தத் தென்னாட்டுப் படத்துக்கும் நடக்காத அளவுக்கு விளம்பரம் செய்து மீட்டார். கதைக்கு முன்பே கூவியவர்தான். ஆனால் கூவலுக்குப் பந்தயமாக வைத்தது சொந்தப் பணத்தை.

மெட்ராசுக்கு வேலை தேடி வந்தபோது மவுண்ட் ரோட்டில் கட்டவுட்டுகளை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மூக்கு ஒரு பலகை, கண் ஒரு பலகை என்று வரைவார்கள். கிட்டே நின்றால் வெறும் வண்ணத் திட்டு. ரோட்டுக்கு எதிர்ப்புறம் போனால்தான் எம்.ஜி.ஆர். சிரிப்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளக்ஸ் வந்து அந்தக் கைகளுக்கெல்லாம் வேலை இல்லாமல் செய்துவிட்டது. கட்டவுட் வைக்க நாளும் பணமும் ஆளும் வேண்டியிருந்தது. ஃபிளக்ஸுக்கு ஒரு போட்டோவும் ஒரு ராத்திரியும் போதும். காதுகுத்துக்கும் பேனர், கவுன்சிலர் பிறந்தநாளுக்கும் பேனர் என்று ஆகி, 2019-ல் சென்னையில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் மேல் பேனர் விழுந்து உயிர் போன பிறகுதான், நடிகர்களும் கட்சிகளும் பேனர் வேண்டாம் என்று அறிக்கை விட்டார்கள்.

அதற்குச் சில வருஷம் முந்தி, ஈமு. டிவியைத் திறந்தால் ஈமு, பேப்பரைத் திறந்தால் ஈமு. சினிமா முகங்கள் வந்து கறி, எண்ணெய், இறகு எல்லாம் காசு என்று சிரித்துச் சொன்னார்கள். குஞ்சுக்குப் பணம் கட்டினால் தீவனமும் கொடுத்து மாதம் பிறந்தால் சம்பளம் போல ஒரு தொகையும் தருகிறோம் என்றார்கள். என் சித்தப்பா தோட்டத்தை அடமானம் வைத்தார். “எல்லாரும் கட்டிட்டாம்லே, இந்த மாசத்தோட சேர்க்கைய நிறுத்துறானாம்” என்றார். 2012-ல் பெருந்துறைப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. தீவனமின்றித் தவித்த பறவைகளுக்கு அரசாங்கமே இரை போட வேண்டிவந்தது. அப்பத்தா நோட்டீசைக் கேட்டு ஒரு கதையாவது சம்பாதித்தாள். சித்தப்பாவுக்கு மிஞ்சியது கம்பிவேலி.

பத்திரிகையில் வந்த அந்த விளம்பரத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வார்த்தைகளில் வண்டிக்காரரைவிட ஒன்றும் கூடுதலாகக் கத்திவிடவில்லை. வித்தியாசம் அந்த “இந்த மாசத்தோட” என்பதில் இருந்தது. ஈமுக் கறியை யாராவது வாங்கித் தின்கிறார்களா என்ற தீர்ப்பு வருவதற்குள் பணம் உள்ளே வந்துவிட வேண்டும். தீர்ப்போடு ஓட்டப்பந்தயம்.

சினிமாவும் இப்போது அந்தப் பந்தயத்தில்தான் ஓடுகிறது. ஏ, பி, சி எல்லாம் போய், ஒரே காலையில் உலகம் முழுக்கப் படம் வெளியாகிறது. முதல் மூன்று நாள் வசூலே கணிசம். கபாலிக்கு 2016-ல் விமானத்தின் மேலேயே ரஜினி படம் வரைந்து பறக்கவிட்டது, சாத்தூர் வண்டியின் தட்டிக்கு அண்ணன்தான். ஆனால் வண்டிக்காரருக்கு இருந்த நிதானம் அதற்கு இல்லை. முதல் காட்சி முடிந்து விமர்சனம் போனில் வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமைவரை டிக்கெட் விற்றிருக்க வேண்டும்.

குற்றத்தை விற்கிறவன் தலையில் மட்டும் கட்டவும் முடியவில்லை. அஜித்தின் வலிமை படத்தை எடுத்தவர்கள் வாயே திறக்காமல் இருந்தபோது, ரசிகர்கள் அப்டேட் அப்டேட் என்று ஊரைக் கூட்டினார்கள். 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பவுண்டரி ஓரம் நின்றிருந்த இங்கிலாந்து ஆட்டக்காரர் மொயின் அலியிடமே கேட்டுவிட்டார்கள். அஜித் பொறுமையாக இருங்கள் என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. படம் வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. காத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. யாரும் ஊட்டாவிட்டால் நாமே சமைத்துக்கொள்கிறோம்.

தம்பி மகள் போன மாதம் முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டு வந்து பையை எறிந்தாள். “ஓவர் ஹைப் பெரியப்பா. ஒண்ணுமே இல்ல.”

“டீசரு, பாட்டுன்னு மூணு மாசம் குதிச்சுக்கிட்டுத்தானே இருந்தே?”

“அது நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குப் போய் எண்ணூறு ரூபாயா?”

அவள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. குதித்ததற்குக் காசு இல்லை, அவசரப்பட்டதற்குத்தான் எண்ணூறு.

இப்போதெல்லாம் எனக்கும் போன் வருகிறது. பைபாஸை ஒட்டி மனை, பக்கத்திலேயே காலேஜ் வருகிறது, விலை மூன்று மடங்கு ஏறும் என்று ஒரு பையன் மூச்சு விடாமல் சொல்கிறான். நல்ல குரல். முழுக்கக் கேட்பேன், நடுவில் வெட்டுவதில்லை. கடைசியில், “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் மட்டும் போட்டுருங்க சார்” என்பான். “அடுத்த மாசம் கூப்பிடுங்க தம்பி, பேசுவோம்” என்பேன். அடுத்த மாதம் இதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.