கல்யாணம் நிஜம்னு காட்ட ஒரு மொய் நோட்டு

இந்தத் தடவை மிளகு பறிப்பு பத்தி எழுதுறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல. ரெண்டு மாசமா எங்க வீட்டுல வேற ஒரு வேலை ஓடிட்டிருக்கு. என் பையனுக்குக் கல்யாணம் ஆனது உண்மைதான்னு நிரூபிக்கிற வேலை.

மருமக சேலம் பக்கத்துப் பொண்ணு, நர்ஸ். என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணி, கிரீன் கார்டோட அமெரிக்கா போய் டெக்சாஸ்ல வேலை பாக்குது. லீவுல வந்தப்பதான் கல்யாணம். அறப்பளீஸ்வரர் கோயில்ல தாலி கட்டு, எங்க தோட்டத்துல பந்தல் போட்டுச் சாப்பாடு. லீவு முடிஞ்சதும் அது கிளம்பிடுச்சு. பையன் இங்கேயே.

அமெரிக்கக் குடிமகனா இருந்தா புருஷனையோ பொண்டாட்டியையோ கூப்பிட்டுக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. கிரீன் கார்டு மட்டும் வெச்சிருந்தா வருஷத்துக்கு இத்தனை பேருதான்னு கணக்கு. அந்த வரிசைக்கு எஃப்-2-ஏன்னு பேரு. மருமக ஐ-130ன்னு ஒரு மனு போட்டுச்சு. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க, மும்பைத் தூதரகத்துல.

காகிதம் சேர்க்க ஆரம்பிச்சோம். முதல்ல திருமணப் பதிவுச் சான்றிதழ். 2009-ல தமிழ்நாட்டுல வந்த சட்டப்படி எந்த மதமா இருந்தாலும் கல்யாணத்தைப் பதிஞ்சே ஆகணும். 90 நாளுக்குள்ள பதியணும், விட்டா இன்னும் 60 நாள் அபராதக் கட்டணத்தோட. கல்யாணம் முடிஞ்ச அடுத்த வாரமே மருமக எங்களைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ப் பதிஞ்சிடுச்சு. அப்புறம் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் ஆபீஸ் மூலமா வாங்குற போலீஸ் சான்றிதழ், அவங்க சொன்ன டாக்டர்கிட்ட மட்டுமே பண்ணிக்க வேண்டிய மருத்துவப் பரிசோதனை. மருமக பக்கத்துல இருந்து சம்பளக் கணக்கும், இவரை நான் பராமரிப்பேன்னு ஒரு உறுதிமொழியும் வரணும். என் பையனை மருமக பராமரிக்கும்னு எழுதிக் கொடுத்ததைப் பார்த்து என் சம்சாரம் ரொம்ப நேரம் சிரிச்சா.

இதெல்லாம் கையில வந்துடும்ங்க. சிக்கலே அடுத்ததுலதான். கல்யாணம் நடந்ததுன்னு காட்டுனா போதாது. விசாவுக்காகப் பண்ணாத கல்யாணம்னும் காட்டணும். ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா நிஜமா வாழுறாங்களான்னு பாப்பாங்க.

எங்க மலையில இதுக்கு வேற வழி இருந்துச்சு. ஊர்க் கவுண்டர் முன்னாடி பரிசம் போட்டா ஊருக்கே தெரியும். எனக்கும் என் சம்சாரத்துக்கும் கல்யாணம் ஆச்சுங்கிறதுக்கு ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோதான் இருக்கு, அதுலயும் பாதி கரையான் தின்னுடுச்சு. இதுவரைக்கும் எங்களை யாரும் சாட்சி கேட்டதில்லை.

பையன் பழைய போனெல்லாம் நோண்டி எடுத்தான். கல்யாணப் போட்டோ மட்டும் போதாது, சாதாரண நாள் போட்டோவும் வேணும்னு மருமக சொல்லிடுச்சு. பலாப்பழம் அறுக்கும்போது கையெல்லாம் பால் ஒட்டி ரெண்டு பேரும் நிக்கிற ஒரு படம். ரெண்டாவது தடவை வந்தப்ப என் சம்சாரத்தோட மருமக மிளகு காயப்போடுற படம். விமான டிக்கெட்டு, பாஸ்போர்ட்டுல குத்துன முத்திரை, பணம் அனுப்பின ரசீது, வாட்சப் அழைப்புப் பட்டியல், எல்லாம்.

அந்த அழைப்புப் பட்டியலைப் பார்த்துத்தான் எனக்குத் தொண்டை அடைச்சுச்சு. மருமகளுக்கு ராத்திரி ஷிப்ட். அங்க காலையில ஏழு மணிக்கு முடிஞ்சா இங்க சாயங்காலம் ஆறரை. அங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை கடிகாரத்தை மாத்துறாங்க, அப்ப அஞ்சரை ஆயிடும். எங்க வீட்டுல டவர் கிடைக்காது. தோட்டத்துக்கு மேல ஒரு பாறை இருக்கு, அங்கதான் கிடைக்கும். மூணு வருஷமா மழைன்னாலும் பனின்னாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பாறைக்குப் போவான். காகிதத்துல வெறும் தேதியும் நேரமும்தான் இருக்கு. அவன் கால்ல அட்டை கடிச்ச ரத்தம் அதுல தெரியாது.

கீழ டவுன்ல ஒரு புரோக்கர், ரெண்டு பேரும் ஒண்ணா குடியிருந்த மாதிரி பழைய தேதியில வாடகை ஒப்பந்தம் தயார் பண்ணித் தரேன்னாரு. வேணாம்னுட்டோம். பொய்க் காகிதம் கொடுத்து மாட்டுனா வாழ்நாள் பூரா அந்த நாட்டுக் கதவு அடைஞ்சிடலாம், சட்டம் அப்படி. உங்க வீட்டுல யாராவது இப்படிப் போறதா இருந்தா இதை மறக்காதீங்க. ஆதாரம் கம்மியா இருக்கலாம், பொய்யா மட்டும் இருக்கக் கூடாது.

நம்ம கல்யாணத்தை அடுத்த நாட்டுக்காரன் சந்தேகப்படுறது புதுசு இல்லீங்க. 1913 மார்ச்சுல தென்னாப்பிரிக்காவுல, கேப் நகர நீதிமன்றத்துல நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு கொடுத்தாரு. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் செல்லாதுன்னு. கப்பல்ல வந்த ஒரு முஸ்லிம் பெண்ணைப் புருஷன்கிட்ட போக விடாம தடுத்த வழக்கு அது. அந்தத் தீர்ப்புப்படி பார்த்தா நம்ம பொம்பளைங்க யாருமே பொண்டாட்டி இல்ல. காந்தியோட போராட்டத்துல அதுக்கு அப்புறம்தான் பெண்கள் இறங்குனாங்க, அதுல நிறையப் பேரு தமிழச்சிங்க. தில்லையாடி வள்ளியம்மை அப்படி ஜெயிலுக்குப் போய், நோவோட வெளிய வந்து, 1914 பிப்ரவரியில 16 வயசுல செத்துப்போச்சு. அதே வருஷம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருத்தனுக்கு ஒருத்தின்னு நடந்த நம்ம கல்யாணங்களை ஏத்துக்கிச்சு. பள்ளிக்கூடத்துல அந்தப் பொண்ணு பேரை மட்டும் படிச்சோம். எதுக்குச் செத்துச்சுன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது.

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பையனுக்குப் பயிற்சி. நான்தான் ஆபீசர். "உன் மனைவி எத்தனை மணிக்கு வேலைக்குப் போறாங்க? கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்? கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க?" எல்லாத்துக்கும் டக்குடக்குன்னு சொன்னான். "அங்க போய் என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "தெரியலப்பா. மிளகுக் கொடி ஏறத் தெரியும், அங்க மிளகு இல்ல"ன்னான். அந்தக் கேள்வியை நான் மறுபடி கேக்கல.

எங்களுக்கு இவன் ஒரே பையன். சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி அவன் ஏறுற உயரத்துக்கு இனிமே நான் ஏற முடியாது. அவன் போகட்டும்னுதான் நானே உட்கார்ந்து போட்டோவுக்கெல்லாம் பின்னாடி தேதி எழுதிட்டிருக்கேன். கட்டுன பொண்ணு அங்க தனியா ராத்திரி வேலை முடிச்சு ஒரு காலி வீட்டுக்குப் போகுது. அதைவிடவா மிளகு பெருசு?

கடைசியா நான் ஒரு சாட்சி சேர்த்தேன். மொய் நோட்டு. யாரு, எந்த ஊரு, எவ்வளவுன்னு வரிசையா எழுதியிருக்கு. பதினோரு ரூபா எழுதின கிழவியும் இருக்கு. இத்தனை பேரு காசு போட்டு ஒரு பொய்க் கல்யாணத்துக்கு வருவாங்களா? பையன் சிரிச்சான், ஆனா முதல் ரெண்டு பக்கத்தை இங்கிலீஷ்ல எழுதி ஃபைல்ல வெச்சுக்கிட்டான்.

நோட்டு மும்பை வரைக்கும் போயிட்டு வரட்டும். அமெரிக்காவுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். அதுல இருக்கிறவங்க வீட்டு விசேஷம் வரும்போது திருப்பிச் செய்யணும், நான் இங்கதானே இருக்கேன்.