இருபத்து நான்கு கம்பிகள்

2020 ஜனவரி 20ஆம் தேதி பிற்பகல், முத்துப்பேட்டைக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், என் சித்தி மகனின் சைக்கிளில் பின்சக்கரக் கம்பி ஒன்று அறுந்தது. ஏன் அறுந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் ஒரு காரணம் சொன்னேன். அது பொய். அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே சைக்கிளில் போவது என் பல நாள் ஆசை. ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஜனவரியில் வாடைக்காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளும், வெயிலும் தாங்கும். அந்தப் பயணத்துக்காக இரண்டு வருடம் தயாரானேன். தயாரானேன் என்று சொல்வதே தவறு. இரண்டு வருடம் படித்தேன், விசாரித்தேன், வாங்கினேன். எந்தச் சட்டம் அதிர்வை உள்வாங்கும், எந்த டயர் எத்தனை மில்லிமீட்டர், பை எந்தத் துணியில் இருந்தால் மழைநீர் புகாது என்று எதைக் கேட்டாலும் சொல்வேன். எனக்கென்று உருக்குச் சட்டத்தில் ஒரு நெடும்பயண வண்டி வாங்கினேன். பின்சக்கரத்தில் 36 கம்பி, 35 மில்லிமீட்டர் டயர், முன்னும் பின்னும் கேரியர் மாட்ட அச்சுக்கருகே திருகுத் துளைகள். சுமை ஏற்றி அதிகபட்சம் 60 கிலோமீட்டர்தான் ஓட்டியிருந்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் வண்டி வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

சித்தி மகன் திண்டிவனத்துக்காரன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். செல்போன் கடை வைத்திருந்தான். என் திட்டத்தைக் கேட்டதும் தானும் வருவதாகச் சொன்னான்.

"அப்பா வண்டியிலயே வர்றேண்ணே. ஒரு ஓவராயில் பண்ணிட்டாப் போதும்."

சித்தப்பாவின் வண்டி பழைய ஹெர்குலிஸ். மில்லிலிருந்து தவிட்டு மூட்டையை அதன் கேரியரில்தான் வைத்துக்கொண்டு வருவார். அந்த ரக வண்டியைக் கூர்ந்து பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. சுமை எங்கே இறங்குகிறதோ அங்கே கம்பி அதிகம். கடலோரச் சாலையில் மேடு கிடையாது, காற்றும் துணைக்கு வரும் மாதம், நாளுக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். கியர் இல்லாத அந்த வண்டி போயிருக்கும். கனம்தான், 20 கிலோவுக்கு மேல். மழையில் அதன் கம்பிபிரேக்கை நம்ப முடியாது என்பதும் உண்மை. ஆனால் பிரேக்குக் கட்டையை மாற்றிக்கொண்டு, மழை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். எடை என்றேன், கியர் என்றேன். அவன் விடவில்லை.

"நீதானேண்ணே சொன்ன, அந்த அயர்லாந்து அம்மா கெளம்புறதுக்கு முன்னாடி கியரைக் கழட்டிப் போட்டுட்டுப் போனாங்கன்னு?"

நான்தான் சொல்லியிருந்தேன். டெர்வ்லா மர்ஃபி 1963 குளிர்காலத்தில் டன்கர்க்கிலிருந்து புறப்பட்டு டெல்லி வரை தனியாகச் சைக்கிளில் வந்தவர். ஆசியாவின் சாலைகளை கியர் அமைப்பு தாங்காது என்று கருதி, புறப்படுமுன் அதைக் கழற்றிவிட்டார். வழியில் எது பழுதாகும், எதைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்று யோசித்து எடுத்த முடிவு அது. அந்தக் கதையை அவனிடம் ரசித்துச் சொன்ன நானே, "அது 63ஆம் வருஷம்டா" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

உண்மைக் காரணம் வேறு. என் புது வண்டிக்குப் பக்கத்தில், கன்னியாகுமரியில் எடுக்கப்போகும் படத்தில், சித்தப்பாவின் துருவேறிய ஹெர்குலிஸ் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குழுவில் அந்தப் படத்தைப் பார்ப்பார்களே என்ற கூச்சம். ஒரு மனிதன் மூட்டை சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த வண்டியைக் கண்டு எனக்கு வெட்கம் வந்தது. எழுதும்போது கை நடுங்குகிறது. ஆனால் நடந்தது அதுதான்.

நான் சிபாரிசு செய்ததை அவன் வாங்கினான். அலுமினியச் சட்டம், 25 மில்லிமீட்டர் டயர், முன்னால் 20 கம்பி, பின்னால் 24. 62,000 ரூபாய். மனைவியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் வாங்கினான் என்பது எனக்கு முன்பே தெரியும். அது மோசமான வண்டி அல்ல. மூட்டை முடிச்சு இல்லாமல் வேகமாக ஓட்டுகிறவருக்கு நல்ல வண்டிதான். மூட்டையோடு போகிறவனுக்கு அதை வாங்க வைத்தவன் நான்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு அவன் வண்டியில் கேரியர் மாட்ட உட்கார்ந்தேன். துளையே இல்லை. பட்டைக் கிளிப் போட்டுச் சட்டத்தோடு இறுக்கினேன். அப்போதுதான் பெட்டியோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். இந்த வண்டியில் கேரியர் பொருத்தக் கூடாது என்றும், ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அவன் எடை 86 கிலோ. நான் ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்தேன். மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் டீ வாங்கி வரப் போயிருந்தான். திரும்பி வந்தவனிடம் நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சொல்லியிருக்கலாம். நான்கு நாள் இருந்தது. ஏதாவது ஒரு சைக்கிள் கடையில் 36 கம்பிச் சக்கரம் ஒன்றைக் கட்டச் சொல்லியிருக்கலாம். அவன் சுமையை என் வண்டிக்கு மாற்றியிருக்கலாம். எதுவும் முடியாவிட்டால் ஹெர்குலிஸை எடுத்துவரச் சொல்லியிருக்கலாம். எதைச் செய்தாலும் நான் தப்பாக வாங்க வைத்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. என் பைகள் நிறைந்துவிட்டன என்று, அடுப்பையும் இருவருக்கும் பொதுவான கருவிகளையும் அவன் பையில் வைத்தேன். மூன்று கிலோ இருக்கும். எல்லாம் சேர்ந்து அவன் பின்சக்கரத்தின் மேல் 17 கிலோ.

18ஆம் தேதி சனிக்கிழமை விடியுமுன் திருவான்மியூரிலிருந்து கிளம்பினோம். மரக்காணம் தாண்டியதிலிருந்தே அவன் குதிகால் பையில் இடித்துக்கொண்டிருந்தது. பந்தய வகை வண்டியில் பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடைவெளி குறைவு. என் வண்டியில் நாலைந்து சென்டிமீட்டர் கூடுதல். மூட்டை வண்டிகளை அப்படி நீட்டிச் செய்வதே குதிகால் இடிக்காமலிருக்கத்தான். நான் அவன் பைகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிவிட்டேன். இடிப்பது நின்றது. சுமை அச்சுக்கும் பின்னால் போனது. வண்டி வாலாட்டுகிறது என்று சொன்னான். பழகிவிடும் என்றேன். அன்று இரவு புதுச்சேரி.

மறுநாள் சீர்காழி நெருங்கும்போது அவன் சக்கரத்திலிருந்து 'டிங்'கென்று ஒரு சத்தம். நின்று பார்த்தோம். கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை, ஆனால் ரிம் லேசாகக் கோட்டம் காட்டியது. கம்பிகளை விரலால் நிமிண்டிப் பார்த்தேன். இரண்டு தளர்ந்திருந்தன. கோட்டம் எடுக்க எனக்குத் தெரியாது. தெரியும் என்று அவன் நம்பினான். பிரேக்கைத் தளர்த்திவிட்டு, "ஒண்ணுமில்ல, வா" என்றேன். இரவு காரைக்கால் போய்ச் சேர்ந்தோம்.

சக்கரத்தின் கணக்கை இங்கே சொல்ல வேண்டும். வண்டி ஓடும்போது, தரையைத் தொடும் இடத்துக்கு வரும் கம்பிகள் ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகும். அந்தச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர், கிலோமீட்டருக்கு 475 சுற்று. சென்னையிலிருந்து முத்துப்பேட்டை வரை ஒவ்வொரு கம்பியும் ஒன்றே முக்கால் லட்சம் தடவை தளர்ந்து இறுகியிருக்கும். கம்பி குறைவாக இருந்தால் ஒவ்வொன்றின் மேலும் விழும் பங்கு அதிகம். பக்கத்துக் கம்பி தளர்ந்துவிட்டால் இன்னும் அதிகம். பின்சக்கரத்தின் வலப்பக்கத்தில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட வேண்டியிருப்பதால், அந்தப் பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இடப்பக்கத்தைவிட விறைப்பாகவும் இருக்கும். அறுவது பெரும்பாலும் அங்கேதான், கம்பி மடங்கி நடுக்குமிழுக்குள் நுழையும் முழங்கையில். இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும், படித்திருந்தேன்.

அறுந்ததும் அங்கேதான். ரிம் சட்டத்தில் உரசி நின்றது. 36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று போனால் பிரேக்கைத் தளர்த்திக்கொண்டு ஊர்வரை ஓட்டிவிடலாம். 24இல் ஒன்று போனதும் சக்கரம் சுற்றவே மறுத்தது. மூன்று கிலோமீட்டரும் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தோம்.

ஊர் எல்லையில் ஒரு சைக்கிள் கடை. வேப்பமரத்தடியில் அறுபது தாண்டிய ஒருவர் லாரி டியூபை வெட்டிக்கொண்டிருந்தார். வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கம்பி இருக்கு சார். ஆனா எல்லாம் பெரிய ரிம்முக்கு உள்ளது. இதுக்கு நீளம் சேராது. வெட்டி மரை போட்டாலும் இந்தப் பல்லு அடுக்கைக் கழட்டாம உள்ள நொழைக்க முடியாது. அதுக்குண்டான சாவி என்கிட்ட இல்ல. நீங்க வச்சிருக்கீங்களா?"

இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் துண்டு அது. மழையுறை மூன்று வைத்திருந்தேன். அந்தச் சாவியும் நாலு உபரிக் கம்பியும் வைத்திருக்கவில்லை.

பிறகு அவர் எழுந்து என் வண்டிப் பக்கம் வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி அவன் வண்டியைப் பார்த்தார்.

"உங்க வீல்ல கம்பி நெறைய இருக்கு. தம்பி வீல்ல மட்டும் ஏன் சார் கொறச்சுட்டாங்க?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டார். "அது ரேஸ் வண்டிங்க" என்றேன். "ரேஸ் வண்டில எதுக்கு இத்தன மூட்ட?" என்றார். சித்தி மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் சாலையைப் பார்த்தேன்.

பட்டுக்கோட்டையிலும் அந்தச் சாவி கிடைக்குமா என்று தெரியவில்லை, தஞ்சாவூர் போனால் கிடைக்கலாம் என்றார் அவர். ஒரு நாள் தாமதம். எனக்கு வங்கியில் வாங்கிய விடுப்பு அளந்து வாங்கியது. ஆனால் அதுவும் சாக்குதான். ஒரு நாள் கூட்டிக் கேட்டிருந்தால் மேலாளர் கொடுத்திருப்பார். அவன், "நீ போண்ணே, நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றான். மறுத்துச் சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னான். என் அடுப்பையும் கருவிகளையும் அவன் பையிலிருந்து எடுத்து என் வண்டியில் கட்டினேன். பேருந்துக் கூரையில் அவன் சைக்கிளை ஏற்ற ஒரு கை பிடித்தேன். பிறகு அதிராம்பட்டினம் சாலையில் மிதித்தேன்.

தொண்டி, இராமநாதபுரம், சாயல்குடி, தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாக, அங்கிருந்து நான்காம் நாள் மாலை கன்னியாகுமரி. படம் எடுத்தேன். என் வண்டி மட்டும் நின்றது.

திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலைச் சிற்றுண்டிக் கடையில், குழுவிலிருந்தவர்கள் அவனைப் பற்றிக் கேட்டார்கள். "ஆள் கொஞ்சம் கனம். பள்ளம் வந்தா பெடல்ல எழுந்து நிக்கத் தெரியல, அப்படியே இறக்கிட்டான். கம்பி போயிருச்சு" என்றேன். யோசித்துச் சொன்னதுகூட இல்லை, வாயில் தயாராக இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அதன் பிறகு அதே பதிலைப் பல இடங்களில் சொன்னேன். சொல்லச் சொல்ல அதில் விவரங்கள் கூடின. கடைசியில் எந்தப் பள்ளம் என்றுகூடச் சொன்னேன்.

அது அவன் காதுக்கும் போயிற்று. சண்டைக்கு வரவில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது, கடை மூடிக் கிடந்தது, அடகு வட்டி ஏறியது. அந்த வண்டியை 28,000 ரூபாய்க்கு விற்றான். சங்கிலி மீண்டது 2021 நவம்பரில். இதில் ஒரு ரூபாய்கூட நான் கொடுக்கவில்லை; கொடுக்கப் போனால் ஏன் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

2022இல் ஒரு கல்யாணத்தில் பந்தி வாசலில் பார்த்தேன். "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்றான். பிறந்ததிலிருந்து என்னை "நீ", "வாண்ணே" என்று கூப்பிட்டவன். அன்றிலிருந்து இன்றுவரை அவன் வாயில் எனக்கு 'அண்ணே' இல்லை.

அந்தக் கையேட்டை நான் தூக்கிப் போடவில்லை. போன வாரம் திண்டிவனம் போய் அவனிடம் கொடுத்து, எந்தத் தேதியில் படித்தேன் என்பதைச் சொன்னேன். வாங்கிப் பார்த்தான். கடைக்குள் போய்விட்டான். சித்தப்பாவின் ஹெர்குலிஸ் வாசலில் நின்றது, புது டயரோடு.

அந்தச் சிற்றுண்டிக் கடையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும், பிறகு என்னிடம் இந்தக் கதையைக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன். பள்ளம் எதுவும் இல்லை. என் தம்பி நன்றாகத்தான் ஓட்டினான். அந்தச் சக்கரம் அந்தச் சுமையைத் தாங்காது என்பது கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பே எனக்குத் தெரியும். நான் சொன்னதை நீங்கள் யாரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர்களிடம் போய் இதையும் சொல்லுங்கள்.