பள்ளி என்றொரு சொல்

தமிழில் சில சொற்கள் சமயங்களுக்கெல்லாம் பொதுச் சத்திரமாக விளங்குகின்றன. ‘பள்ளி’ அவற்றுள் ஒன்று. எங்கள் செஞ்சிக்கோட்டைக்குள் நவாப் சாதத்துல்லா கான் காலத்தில், 1717–18-இல் எழுந்த தொழுமிடம் பள்ளிவாசல். ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றின் பாறையில் தீர்த்தங்கரர் இருபத்துநால்வரை வடித்து வைத்தார்களே, அந்தச் சமணத் துறவியர் தங்கிய இடங்களுக்கும் பள்ளி என்பதே பெயர். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரை அக்குன்றின் பழங்கல்வெட்டு இன்றும் நினைவூட்டுகிறது. நம் பிள்ளைகள் எழுத்தறியும் இடமும் பள்ளிதான்.

இச்சொல் யூதருக்கும் உரியது என்பதைப் பலர் அறியார். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட அவர்களின் ஆலயத்தை மலையாள மக்கள் ‘ஜூதப்பள்ளி’ என்றே அழைக்கின்றனர். ஐரோப்பிய யூதர்கள் தம் இத்திஷ் மொழியில் அதே வகை ஆலயத்தை ‘ஷூல்’ என்பர். அதற்கும் பள்ளிக்கூடம் என்றே பொருள்! ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள்.

இதை எழுதத் தூண்டியது வேறொன்று. கருமியையும் வஞ்சகனையும் ‘யூதன்’ என்று ஏசும் வழக்கம் நம் கடைத்தெருவில் உண்டு. அவ்வாறு ஏசுவோருள் ஒரு யூதரையேனும் கண்டவர் அரிது. பாலஸ்தீன மக்கள் படும் துயருக்காக நம் நெஞ்சம் கொதிப்பது நியாயமே. ஓர் அரசின் கொடுமையைக் கண்டிக்கவும் வேண்டும். ஆனால் மூஸா நபி (அலை) அவர்களின் தவ்ராத்தை ஓதும் ஒரு சமூகத்தின் பெயரையே வசைச்சொல்லாக்குவது எந்த நியாயத்தில் சேரும்?

சில ஆண்டுகளுக்கு முன் மட்டாஞ்சேரிப் பள்ளியினுள் நுழைந்தேன். வாசலிலேயே காலணியைக் கழற்றச் சொன்னார்கள். ஐரோப்பிய யூதரிடம் பொதுவாகக் காணப்படாத இவ்வழக்கத்தைக் கொச்சி யூதர் நம் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் போலும். தரையில் நீலமும் வெண்மையுமான சீன ஓடுகள். உருவம் எதுவும் இல்லை. தோலில் கையால் எழுதப்பட்ட தோராச் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் அமைந்திருக்கிறது. ஏனெனில் அவர்கள் தொழும் திசை ஜெரூசலம். கொச்சியிலிருந்து அது மேற்கே அன்றோ? செஞ்சியிலே மக்காவை நோக்கி நிற்கும் நாமும் மேற்கே பார்க்கிறோம். ஹிஜ்ரத்திற்குப் பின் பதினாறு, பதினேழு மாதங்கள் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸை நோக்கியே தொழுதார்கள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இறைவன் ஒருவனே என்னும் ‘ஷெமா’ அவர்களுடைய உறுதிமொழி. காலையிலும் இரவிலும் அதை ஓதுவர். நம் சதக்காவும் அவர்களின் ‘ட்ஸெதாக்கா’வும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. எபிரேயத்தில் அவ்வேருக்கு நீதி என்று பொருள். ஆகவே ஈகை அவர்களுக்குக் கருணையினும் கடமையே. நாள் சூரியன் மறைகையில் தொடங்குகிறது. வியாழன் மாலையை நாம் ‘வெள்ளியிரவு’ என்பது போல், அவர்களின் சனிக்கிழமை வெள்ளி மாலையிலேயே பிறந்துவிடுகிறது. அதுவே ‘ஷப்பாத்’. அன்று 39 வகைத் தொழில்கள் விலக்கப்பட்டவை. தீ மூட்டுதல் அவற்றுள் ஒன்று.

வேறுபாடுகளை மறைப்பதில் பயனில்லை. எழுதப்பட்ட தோராவுடன் வாய்வழி வந்த தோராவும் உண்டென்பது அவர் நம்பிக்கை. அதன் விரிவே ‘தல்மூத்’. கட்டளைகள் 613 என்று எண்ணுவர். மஸீஹ் இனிமேல்தான் வருவார் என மரபுவழி யூதர் காத்திருக்கின்றனர். நமக்கோ அவர் ஈஸா நபி (அலை). பிறரைத் தம் மார்க்கத்திற்கு அழைப்பதில் அவர்கள் நாட்டம் கொள்வதில்லை. உணவிலோ பன்றி இருவருக்கும் விலக்கு. ஒட்டகமும் இறாலும் அவர்களுக்கு மட்டும் விலக்கு. இறைச்சியோடு பாற்பொருள் சேரலாகாது. ஆகவே பிரியாணிக்குத் தயிர்ப்பச்சடி ஊற்றிக்கொள்ளும் நம் இன்பம் அவர்களுக்குக் கிட்டாது!

கி.பி. 849-இல் கொல்லத்துத் ‘தரிசாப்பள்ளி’ என்னும் கிறிஸ்தவ ஆலயத்திற்கு அளிக்கப்பட்ட செப்பேட்டில் சாட்சிகள் கூஃபி அரபெழுத்திலும், பஹ்லவியிலும், எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். சாசனமோ வட்டெழுத்தில். ஒரு மார்க்கத்தாரின் பள்ளிக்கு மற்ற மார்க்கத்தார் சாட்சி! அதில் வரும் ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழுவின் பெயர் தெற்கே நம்மவர் தெருக்களிலும் ஒலித்ததே. எல்லாம் இனிமையாகவே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. 1524-இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் மூண்ட கலகத்தில் யூதர் ஊரைவிட்டு ஓடினர். இதை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களே தம் ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ நூலில் பதிந்திருக்கிறார்கள். 1662-இல் மட்டாஞ்சேரிப் பள்ளியைத் தீக்கிரையாக்கியவர்கள் போர்த்துகீசியர்.

கூட்டுத் தொழுகைக்கு நமக்கு இமாமுடன் இன்னொருவர் போதும். அவர்கள் மரபிலோ பருவமெய்திய ஆடவர் பதின்மர் வேண்டும், அக்குழுவே ‘மின்யான்’. பதின்மர் கூடாவிடின் தோராச் சுருளைப் பொதுவில் விரித்து ஓத இயலாது. இஸ்ரேல் 1948-இல் தோன்றிய பின், 2,000-க்கு மேற்பட்டிருந்த கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியிலேயே கடவும்பாகத்தில் 1544-இல் எழுந்த மற்றொரு பள்ளியின் மரவேலைப்பாடுகளும் 1991-இல் பெயர்த்தெடுக்கப்பட்டு ஜெரூசலம் அருங்காட்சியகம் சேர்ந்தன. இன்று கொச்சியில் மின்யான் கூடுவது, பெரும்பாலும் வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கையை நிறைக்கும்போதுதான்.

ஆயினும் சனிக்கிழமைகளில் பார்வையாளருக்கு அந்தப் பள்ளியின் கதவு திறப்பதில்லை. உள்ளே பத்துப்பேர் கூடினாலும் கூடாவிட்டாலும், ஷப்பாத் அன்று நுழைவுச்சீட்டு விற்பனை கிடையாது.