உடைவதற்கென்றே ஓர் ஆணி

கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், மூலையில் வெல்டிங் செட். பம்புசெட் உதிரிபாகம் கடைவதுதான் அன்றாடப் பிழைப்பு. நான் போனபோது மேசைமேல் கிடந்ததோ பம்புக்குத் துளியும் சம்பந்தமில்லாத சரக்கு: இரண்டாம் உலகப் போர்க்கால டாட்ஜ் ‘வெப்பன் கேரியர்’ வண்டியின் முன்புற வின்ச்.

அந்த வரிசையில் டபிள்யூ.சி.-51 என்பது வின்ச் இல்லாத வண்டி, டபிள்யூ.சி.-52 வின்ச் வைத்தது. வின்சுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே 52-இன் சேஸிஸை முன்னால் நீட்டிச் செய்தார்கள். 1942 முதல் 1945 வரை அமெரிக்காவில் தயாரான இவற்றில் பல, போர் முடிந்ததும் இந்தியாவில் டிஸ்போசல் ஏலத்துக்கு வந்தன. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியை யார்தான் விடுவார்கள்? இந்த வண்டி ஆனைமலைப் பக்கம் மரம் இழுத்தது என்பது பொள்ளாச்சிக்காரரான உரிமையாளர் வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. கடைசியாக வின்ச் எப்போது சுற்றியது என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

இதன் வேலை எளிது. கியர்பாக்சின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னால் வருகிறது. அது வோர்ம் எனும் திருகுப்பல் தண்டைச் சுற்றுகிறது. வோர்ம் ஒரு வெண்கலச் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் டிரம்மைச் சுற்ற, கம்பிவடம் உள்ளே வருகிறது. வோர்ம் சக்கரத்தைச் சுற்றும். பல்லின் சாய்வு குறைவாக இருப்பதால் சக்கரம் வோர்மைச் சுற்றாது. சரிவில் வண்டியைத் தொங்கவிட்டு எஞ்சினை நிறுத்தினாலும் பாரம் பின்னுக்கு ஓடாமலிருக்க இதுவே முதல் காப்பு. அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவலாம் என்பதால் வோர்ம் தண்டின் நுனியில் தனியாக ஒரு பிரேக்கும் உண்டு.

பட்டறையின் மூத்தவரை எல்லாரும் மேஸ்திரி என்கிறார்கள். எழுபதை ஒட்டிய வயது. வடிகால் நட்டைக் கழற்றி, பழைய ஆயிலை ஒரு தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துக் காட்டினார். கருப்புக் குழம்புக்குள் தங்கத்தூள் தூவினாற்போல மினுமினுப்பு. “பல்லு பூரா இங்கதானுங்க இருக்குது” என்றார். மூடியைத் திறந்தபோது அது மிகையில்லை என்று தெரிந்தது. வெண்கலச் சக்கரத்தின் பற்கள் கத்திமுனையாகத் தேய்ந்து, இரண்டு பற்கள் அடியோடு மடிந்திருந்தன.

அவரை அதிகம் யோசிக்கவைத்தது பற்சக்கரங்களை மூடியிருக்கும் ஹவுசிங்தான். பேரிங் உட்காரும் வட்டத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு அங்குலம். சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டு, துணியால் துடைத்தெடுத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தார் வெல்டர். சில நிமிடத்தில் வெள்ளையின்மேல் சிவப்புக் கோடு கசிந்து நீண்டது; பேரிங் வட்டத்தில் தொடங்கி, போல்ட் துளை வரைக்கும். ‘கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்’ என்கிற மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். அவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இப்படிப்பட்ட கோடுகள்தான் காரணம்.

ஏன் விரிசல் விட்டது? பதில் தனியாக ஒரு டப்பாவில் கிடந்தது. வின்சைச் சுற்றும் ஷாஃப்டின் கப்ளிங்கில் ‘ஷியர் பின்’ என்று ஒரு மெல்லிய ஆணி இருக்கும். பாரம் அளவு மீறினால் முதலில் அறுந்துபோவதற்கென்றே வைத்த ஆணி அது. அது அறுந்தால் ஷாஃப்ட் வெறுமனே சுற்றும், மற்றதெல்லாம் பிழைக்கும். ஆனால் இந்த வண்டியின் கப்ளிங்கிலிருந்து கழன்று வந்தது ஒரு போல்ட். தலையில் துரு சுரண்டிப் பார்த்தால் 10.9 என்ற எண். சாதாரண இரும்புக் கம்பியைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு இழுவிசையைத் தாங்கும் ரகம். எந்தக் காலத்திலோ, எந்தக் காட்டிலோ, ஆணி அடிக்கடி அறுகிறதே என்று சலித்த ஒருவர், இனி அறவே கூடாதென்று இதைத் திருகியிருக்கிறார். அவர் நினைத்தபடியே போல்ட் அறவில்லை. பல் மடிந்தது, ஹவுசிங் பிளந்தது.

“கெட்டியாப் போட்டா நல்லதுன்னு நெனைக்கறாங்க. எது உடையோணும்னு செஞ்சவனுக்குத் தெரியாதுங்களா?” என்றார் மேஸ்திரி.

சக்கரத்தைப் புதிதாக வார்ப்பது என்று முடிவானது. பழையதை அளந்து மரத்தில் பேட்டர்ன் செய்தார்கள். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை அளவில் சுருங்கும்; அதற்கெனக் கூட்டிப் பிரித்த அளவுகோலை வைத்துத்தான் பேட்டர்ன்காரர் மரத்தைச் செதுக்குகிறார். நூற்றுக்குப் பத்துப் பங்குக்குமேல் வெள்ளீயம், சிட்டிகைப் பாஸ்பரஸ் சேர்ந்த பாஸ்பர் பிரான்ஸ் உலோகம், மூசையில் 1,100 டிகிரி செல்சியசையும் தாண்டிக் கொதித்து மண் அச்சுக்குள் இறங்கியது.

வார்ப்பது பாதி வேலைகூட இல்லை. பல் வெட்டுவதில்தான் சிக்கல். இங்கே கிடைக்கும் ஹாப் எனும் பல்வெட்டிகள் பெரும்பாலும் மாட்யூல் கணக்கில், அதாவது மில்லிமீட்டரில் பிறந்தவை. இந்த வோர்மோ அங்குலத்தில் பிறந்தது. கிட்டத்தட்டப் பொருந்தும் ஹாப்பைப் போட்டு ஒப்பேற்றலாம் என்றார் ஒருவர். டர்னர் ஒப்பவில்லை. ஒற்றைப் பல் கொண்ட ஃப்ளை கட்டர் ஒன்றைத் தானே தீட்டத் தொடங்கினார். சாணையில் ஒரு தொடுதல். கட்டரை எடுத்து வோர்மின் பள்ளத்தில் வைப்பார். பின்னால் பல்பைப் பிடித்து, இடுக்கில் வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். தெரிந்த இடத்தில் மறுபடி ஒரு தொடுதல். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. பக்கத்து லேத்துப் பையன் எட்டிப்பார்த்து, “ஏனுங்ணா, இன்னும் ஆகலீங்களா?” என்றான். “நீ வேலையப் பாரு கண்ணு” என்றார், கண்ணைத் திறக்காமல்.

வெட்டி முடித்த சக்கரத்தில் நீலச் சாயம் தடவி வோர்மோடு சுற்றிப் பார்த்தார்கள். சாயம் பல்லின் நடுவிலும், வோர்ம் விலகிப்போகும் பக்கத்திலும் அழிந்திருந்தது. நுழையும் பக்கம் ஆயில் புக இடம் விட்டு. அப்படித்தான் அழிய வேண்டும் என்பது கணக்கு. இரண்டு மெல்லிய ஷிம் மாற்றியபின்தான் அந்த இடத்துக்கு வந்தது.

ஹவுசிங்கின் ஓரத்தைச் சாணைக்கல்லில் தொட்டபோது பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் விழுந்தது. வார்ப்பிரும்புதான். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வதில் பொறுமைதான் பாதி. விரிசலின் ஒரு நுனி போல்ட் துளையில் முடிந்தது. வழியில் கிளைத்து நின்ற இன்னொரு நுனியில் ஓட்டை போட்டு, மேலும் ஓடாமல் அடைத்தார்கள். கோட்டை ‘வி’ வடிவில் அரத்தால் திறந்தார்கள். நிக்கல் ராடு. ஒரு அங்குலத்துக்குமேல் ஒரே மூச்சில் ஓட்டுவதில்லை. ஓட்டியதும் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்கத்தைத் தளர்த்துவது. கை வைத்துப் பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பது. பிறகு அடுத்த அங்குலம். அவசரப்பட்டு ஒரேயடியாக ஓட்டினால் வெல்டிங் நிற்கும், அதை ஒட்டிய இரும்பு ‘டிக்’கென்று பிளக்கும். என்ன கவனமாகச் செய்தாலும் சூட்டில் பேரிங் வட்டம் சற்று நகர்ந்துவிடும். அதனால் அதை லேத்தில் ஏற்றி மறுபடி போர் அடித்து, உள்ளே ஒரு ஸ்லீவ் இறக்கினார்கள்.

ஆயில் விஷயத்தில் மேஸ்திரி பிடிவாதக்காரர். சூட்டில் வெண்கலத்தை அரிக்கும் கந்தகச் சேர்க்கை உள்ள கியர் ஆயில் வேண்டாம், வோர்ம் கியருக்கென்றே உள்ளதை வாங்கிவா என்று பையனை இரண்டு கடை ஏற வைத்தார். கம்பிவடத்தின் கிளிப்பிலும் அதே கறார்: சேணம் பாரம் தாங்கும் பக்கத்தில், யு-போல்ட் வெட்டுநுனிப் பக்கத்தில். மாற்றிப் போட்டால் யு-போல்ட் பாரம் தாங்கும் கம்பியைக் கடித்து நசுக்கும். லாரிப் பட்டறைகளில் இது தலைகீழாக இருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்; ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வின்சை மறுபடி வண்டியில் பூட்டியபின் சோதனைக்கு, கல் ஏற்றி ஹேண்ட்பிரேக் போட்ட ஒரு டிப்பரைக் கட்டி இழுத்தார்கள். டாட்ஜின் பின்சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கட்டை. கம்பிவடத்துக்குக் குறுக்கே யாரும் நிற்கக் கூடாதென்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார். மேலே ஈரச்சாக்கு ஒன்றையும் போட்டிருந்தார். டிரம் முனகியது, டிப்பர் அரையடி நகர்ந்தது, ‘டப்’ என்று சத்தம். மைல்டு ஸ்டீல் ஆணி நறுக்கென்று இரண்டாகியிருந்தது. உரிமையாளரின் முகம் போன போக்கைப் பார்த்து டர்னர் சிரித்துவிட்டார். கப்ளிங்கைத் தட்டித் துண்டுகளை எடுத்து, லேத்தில் கடைந்து வைத்திருந்த இன்னொன்றைச் செருகக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

பில் போடும்போது கொஞ்சம் இழுபறி. பழைய வெண்கலச் சக்கரத்தைத் தராசில் வைத்து, எடைக்கு ஆன தொகையைக் கழித்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி பேசிப் பார்த்தார். வெண்கலம் விற்கும் விலைக்கு அது சின்னத் தொகையல்ல. தாத்தா காலத்துச் சாமான் என்று உரிமையாளர் மறுத்துவிட்டார். “அப்ப கூலில ஒண்ணும் கொறைக்க முடியாதுங்க” என்று மேஸ்திரி காகிதத்தில் தொகையை எழுதி நீட்ட, அவர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, உதிரியாகப் பத்து ஆணிகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.