பாதி வேகம், கால் செலவு

மெதுவாகச் செய்தால் செலவு குறையும் என்று உலகத்தில் யாரும் சொல்வதில்லை. மெதுவாகக் கட்டுகிற வீட்டுக்குச் செலவு கூடும். மெதுவாக நடக்கிற வழக்குக்கு அதைவிடக் கூடும். ஆனால், மெதுவாக ஓடியே பணத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு யந்திரத்தை அமெரிக்காவில், பீனிக்ஸ் நகரத்தில், என் மகன் வீட்டுக் கொல்லையில் பார்த்தேன். அது நீச்சல் குளத்துப் பம்பு.

"கொல்லையில் நீச்சல் குளமா? பிள்ளை பெரிய சீமான் போலிருக்கிறதே!" என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் வெயில் 110 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. சாதாரண வீடுகளிலும் குளம் உண்டு. இந்தக் குளமும் வீட்டோடு சேர்ந்து வந்ததுதான். குளம் வைத்திருப்பது யானை கட்டித் தீனி போடுவது மாதிரி. தினமும் தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்ட வேண்டும். கோடையில் நாலு நாள் சும்மா விட்டால் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும்.

பழைய பம்பு பழுதாயிற்று. 2021 ஜூலையில் அமெரிக்காவில் வந்த மின் சிக்கன விதிகளுக்குப் பிறகு, வீட்டுக் குளங்களுக்குப் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பம்புகளே விற்பனைக்கு வருகின்றன. விலை அதிகம். மின்சாரம் மிச்சமாகும் என்று நம்பி மகன் வாங்கினான். அடுத்த மாதம் பில் வந்தது. ஒரு டாலர்கூடக் குறையவில்லை!

"குளத்தை மண் போட்டு மூடிவிடலாம், மாமா. அந்த இடத்தில் நாலு செடியாவது வைக்கலாம்" என்றாள் மருமகள். அவள் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் எட்டு வயதுப் பேத்தி அந்த வாரம்தான் மிதக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் தட்டில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, குளக்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மகனும் நானும் பம்பைப் பார்க்கப் போனோம். அதன் தலையில் ஒரு சின்னத் திரை. நிமிஷத்துக்கு 3,450 சுற்று, 2,000 வாட் என்று காட்டிற்று. மாட்டிய ஆள் முழு வேகத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். தினம் 10 மணி நேரம். ஆக, 20 யூனிட்.

"பாதி வேகத்தில் ஓட்டு, பார்க்கலாம்" என்றேன்.

"தண்ணீரும் பாதிதானே போகும், அப்பா? இரண்டு மடங்கு நேரம் ஓட்ட வேண்டும். கணக்கு ஒன்றுதானே?"

"ஓட்டித்தான் பாரேன்!"

1,725 சுற்றுக்கு இறக்கினான். வாட் பாதியாகவில்லை. 290-க்கு வந்து நின்றது!

இதென்ன விந்தை என்கிறீர்களா? குழாயில் தண்ணீரை இரண்டு மடங்கு வேகமாகத் தள்ளினால், எதிர்ப்பு நாலு மடங்காகும். நாலு மடங்கு எதிர்ப்பை மீறி இரண்டு மடங்கு தண்ணீரைத் தள்ள எட்டு மடங்கு சக்தி வேண்டும். திருப்பிப் பார்த்தால், பாதி வேகத்துக்கு எட்டில் ஒரு பங்கு போதும். இரண்டு மடங்கு நேரம் ஓடினாலும் செலவு கால்வாசிதான். மோட்டாரில் வீணாவதும் உண்டு என்பதால் சரியாக 250-க்கு இறங்கவில்லை.

ஆனால் இஷ்டத்துக்கு வேகத்தைக் குறைக்கவும் கூடாது. படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, மேலே மிதக்கும் சருகு வடிகட்டியின் வாயை நோக்கி நகருகிறதா என்று பார்த்தோம். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் பெட்டிக்குப் போதிய தண்ணீர் போகாவிட்டால், அதில் எச்சரிக்கை விளக்கு எரியும். அது எரியாத வேகமாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் 1,725 சரியாக இருந்தது. அடியில் ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும் கருவிக்கு மட்டும் அது போதவில்லை. அதற்காக 2 மணி நேரம் 2,600 சுற்று. மற்றபடி 16 மணி நேரம் மெதுவான ஓட்டம். மின்சார விலை ஏறும் மாலை வேளையையும் சேர்த்து, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை ஓய்வு. வடிகட்டப்படும் தண்ணீர் ஏறக்குறைய முன்போலவேதான். மின்சாரமோ 20 யூனிட்டிலிருந்து ஆறரைக்கு இறங்கியது.

நம் வீட்டு மாடித் தொட்டிக்கு இந்த வித்தை பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளத்துத் தண்ணீர் சுற்றிச் சுற்றிக் குளத்துக்கே வருவது. தொட்டிக்கோ உயரத்தில் ஏற்ற வேண்டும். வேகத்தைக் குறைத்தால் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றுவிடும். மோட்டார்தான் வீணாக ஓடும்.

அடுத்த பில்லை மருமகள் இரண்டு தடவை படித்தாள். "செடிக்கு என்ன வழி, அம்மா?" என்று கேட்டேன்.

"குளத்தைச் சுற்றி வைத்தால் போயிற்று, மாமா. சருகு விழாத செடியாகப் பார்த்து!" என்றாள்.